சர்வரோக நிவாரணியும் கைகண்ட மருந்தும்: நம் ஊரில் எந்தச் சொல்லை யார், எப்போது சொல்கிறார்கள்?

அச்சுக்கோப்பவன் (இழையைத் தொடங்கியவர்)

வேலூரில் சிறிய ஆப்செட் அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கடைகளுக்கான பில் புத்தகம் ஆகியவைதாம் என் அன்றாடப் பிழைப்பு. சென்ற வாரம் ஒருவர் 5,000 துண்டறிக்கை வேண்டும் என்று கையெழுத்துப் படி ஒன்றைக் கொண்டுவந்தார். மூட்டுவலி, சர்க்கரை, வெண்புள்ளி, வலிப்பு, பக்கவாதம் என்று பதினொரு நோய்களின் பெயர்கள் அதில் இருந்தன. மேலே பெரிய எழுத்தில் ‘சர்வரோக நிவாரணி’ என்று எழுதியிருந்தார். தட்டச்சு செய்து மெய்ப்பை நீட்டியபோது, அந்தத் தலைப்பை அவரே பேனாவால் அடித்துவிட்டு, “இத்த போட்டா சிரிப்பாங்க சார், கைகண்ட மருந்துன்னு போட்டுடுங்க” என்றார்.

அவர் போன பிறகும் அந்தத் திருத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா நோயையும் தீர்ப்பது என்ற பொருளில் இதைவிட நேரான சொல் நம்மிடம் இல்லை. ஆனால் அந்த மருந்தை விற்பவருக்கே அந்தச் சொல்லைப் போடத் துணிவு வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அண்மைக் காலத்தில் ‘சர்வரோக நிவாரணி’ என்ற தொடரை நான் படித்த இடமெல்லாம் நாளிதழ்த் தலையங்கம்தான். அங்கும் ‘கடன் தள்ளுபடி ஒன்றே சர்வரோக நிவாரணி ஆகிவிடாது’ என்ற வாய்பாட்டில், ‘ஆகாது’, ‘அல்ல’, ‘இல்லை’ என்னும் வாலோடுதான் வருகிறது. மறுப்பதற்காக மட்டுமே உயிரோடு வைத்திருக்கும் சொல் இது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘கைகண்ட மருந்து’ என்பதையோ யாரும் மறுத்து எழுதிப் பார்த்ததில்லை.

நம் பக்கத்தில் இத்தகைய மருந்துகளுக்கு வேறு என்னென்ன சொற்கள் வழங்குகின்றன, அவற்றை யார் எந்த வேளையில் சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மண்டித்தெரு

அச்சகத்து ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் இரண்டு தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடைக்கு வருகிறவர்கள் நீங்கள் எழுதிய இரண்டு சொற்களையுமே சொல்வதில்லை. அவர்கள் பேசுவது வினைச்சொல்லில்.

நேற்று அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பேரனுக்கு இருமல். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, ஆடாதோடை இலைப்பொடி எல்லாவற்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்தேன். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, பையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்து, “இதுக்குக் கேக்குமாபா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைத்தான் நாள்தோறும் நாற்பது முறை கேட்கிறேன். நோய் மருந்தின் பேச்சைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வேறு மருந்தைக் கொண்டு பேசிப் பார்க்க வேண்டும். “இங்கிலீஷ் மருந்துக்குக் காய்ச்சல் கேக்கல” என்று எங்களிடம் வருவார்கள். “நாட்டு மருந்துக்குக் கேக்கல” என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். நோயை முரட்டுப் பிள்ளையாகவும் மருந்தைக் கண்டிக்கிற பெரியவராகவும் வைத்துப் பேசும் இந்தப் பேச்சில் முழுமையான நம்பிக்கையும் இல்லை, முழுமையான ஐயமும் இல்லை. அதனால்தான் அது புழங்குகிறது என்று நினைக்கிறேன்.

கண் பார்வைக்கு, முடி கொட்டுவதற்கு, மலச்சிக்கலுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். ‘எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடு’ என்று கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

பழைய தமிழய்யா

இந்த ஆசை நம் மொழியில் எவ்வளவு பழையது என்பதற்கு விருந்தோம்பல் அதிகாரத்துக் குறள் ஒன்றே போதும். ‘விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று’ என்பது 82ஆம் குறள். சாவா மருந்து என்பது நல்ல தமிழ்ச் சேர்க்கை. சர்வரோக நிவாரணியைவிட ஒரு படி மேலே போய், நோயை விட்டுச் சாவையே தடுக்கப் புறப்பட்ட சொல். வள்ளுவர் அதை விற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசலில் விருந்தாளி நிற்கும்போது அது கையில் இருந்தாலும் தனியே தின்னாதே என்கிறார். நமக்குப் பக்கத்துத் தகடூர் அதியமான், அரிதாய்க் கிடைத்த நெல்லிக்கனியின் சிறப்பைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்த செய்தியும் இதே போக்கில்தான் செல்கிறது. நம் பழம்பாட்டில் அரிய மருந்து என்றால் அது பிறருக்குக் கொடுப்பதற்கு உரியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘அருமந்த பிள்ளை’ என்கிறோமே, அது ‘அருமருந்தன்ன பிள்ளை’ என்பதன் மரூஉ. இலக்கண வகுப்பில் மரூஉவுக்கு எடுத்துக்காட்டாக இதைத்தான் நடத்துவோம். கிடைத்தற்கரிய மருந்தைப் போன்ற பிள்ளை என்று பொருள். காட்பாடியில் என் வீட்டுக்கு எதிரே இட்லி சுட்டு விற்கும் கிழவி, பள்ளிக்குப் போகாமல் திரியும் பேரனை “அருமாந்த புள்ள, எங்கடா போய்ட்ட” என்று திட்டும்போது, தான் ஒரு மருந்தின் பெயரைச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அதே ‘அருமருந்து’ இப்போது வார இதழ்த் தலைப்புகளில் ‘மூட்டுவலிக்கு அருமருந்தாகும் முடக்கத்தான்’ என்று மலிந்து கிடக்கிறது. கொல்லை வேலியில் தானாகப் படர்ந்து கிடக்கும் கொடியை அரிய மருந்து என்று எழுதுகிறவர்கள், ‘அரு’ என்னும் அடைக்குப் பொருள் தெரிந்துதான் எழுதுகிறார்களா என்று எனக்கு ஐயமுண்டு.

சஞ்சீவி வேறு வகை. கம்பராமாயணத்தில் சாம்பவான் அனுமனிடம் ஒரே மருந்தைக் கேட்கவில்லை. மாண்டாரை எழுப்புவது ஒன்று, பிளந்த உடலைப் பொருத்துவது ஒன்று, உடலில் தைத்த படைக்கலங்களை வெளியேற்றுவது ஒன்று, பழைய உருவைத் திரும்பத் தருவது ஒன்று என்று நான்கு மருந்துகளைப் பிரித்துச் சொல்கிறான். மருந்துக் கடைக்காரர் எழுதியதும் இதுவேதான்: காவியத்திலும் நோய்க்கு ஏற்ற தனித்தனிச் சீட்டுதான் இருக்கிறது. மலையோடு பெயர்த்து வந்ததால்தான் நம் நினைவில் எல்லாம் ஒன்றாகிவிட்டது.

இடையில் ஒரு வேடிக்கை. வடக்கே இந்தி பேசுகிறவர்கள் தப்பாத மருந்தை ‘ராம்பாண்’ என்பார்கள். நமக்கு இராமபாணம் என்றால் ஏட்டுச்சுவடியையும் புத்தகத்தையும் அரிக்கும் பூச்சி. மொழிபெயர்க்கப்பட்ட விளம்பரம் ஒன்றில் ‘சர்க்கரைக்கு ராமபாணம்’ என்று கண்டபோது, என் அலமாரியைத்தான் ஒருமுறை திறந்து பார்த்தேன்.

ஆம்பூர்க்காரன்

எங்கள் வீட்டு மொழி உருது. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கங்களில் யூனானி ஹகீம்களிடம் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்களிடம் இதற்குரிய சொல் ‘அக்ஸீர்’. அரபியில் அல்-இக்ஸீர், அது கிரேக்கத்தில் உலர்ந்த பொடியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ‘எலிக்ஸிர்’ என்று ஆனதும் இதுவே. முதலில் அது மட்டமான உலோகத்தைப் பொன்னாக்கும் பொடியைக் குறித்தது; பிறகுதான் உடம்பைத் தேற்றும் மருந்துக்குப் பெயரானது. தமிழ்ச் சித்தர்களின் ரசவாதத்திலும் பொன் செய்யும் வித்தையும், உடம்பை அழியாமல் காக்கும் காயசித்தியும் ஒரே பட்டறையில் இருந்ததை நினைத்தால், ஆசைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் குடியிருக்கின்றன என்று வியக்கத் தோன்றுகிறது.

ஆனால் என் பாட்டி ஒரு மருந்தையும் அக்ஸீர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு குறிப்பிட்ட ஹகீமைப் பற்றி, “அவர் கையில் ஷிஃபா இருக்கிறது” என்பார். ஷிஃபா என்றால் நலமாதல். அதைத் தருவது இறைவன். ஹகீமின் கை வெறும் வழி. மருந்து அதற்கும் பின்னால்தான்.

கவுண்டன்யக்கரை

பாய் எழுதியதைப் படித்ததும் என் தாயின் பேச்சு நினைவுக்கு வந்தது. குடியாத்தத்தில் நாங்கள் தெலுங்கு பேசும் குடும்பம். தெலுங்கில் இதை ‘ஹஸ்தவாசி’ என்பார்கள். நல்ல ஹஸ்தவாசி உள்ள மருத்துவர் வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் சரியாகும் என்பார் அம்மா. தமிழில் அது கைராசி. மூன்று மொழிக்காரர்களும் மருந்தை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சொல் ‘புத்தூர் கட்டு’. நகரிக்கு அருகிலுள்ள ஆந்திரத்துப் புத்தூரில் எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் குடும்பத்தார் பெயர் பெற்றதால், ஊர்ப்பெயரே வைத்தியத்தின் பெயராகிவிட்டது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன் அதுவும் நம் பழைய வட ஆற்காடு மாவட்டம்தான். இப்போது தமிழ்நாட்டில் எந்த நெடுஞ்சாலையிலும் ‘இங்கு புத்தூர் கட்டு போடப்படும்’ என்ற பலகையைக் காணலாம். கட்டுகிறவர் புத்தூரைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

இரவுப்பணி

நான் செவிலியாகப் பணியாற்றுகிறேன். கையைப் பற்றி இவ்வளவு அழகாக எழுதியவர்களுக்கு என் கசப்பு சற்று உறைக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கு முழங்கால் வலி. பக்கத்து வீட்டு அத்தை ஒரு சூரண டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். டப்பாவின் மேல் ஊரும் இல்லை, பேரும் இல்லை, மருந்தின் கூறுகளும் இல்லை. ‘கைகண்ட மருந்து’ என்ற இரண்டு சொற்களும் ஒரு முருகன் படமும்தான் இருந்தன. மூன்றாம் நாளே அம்மா படியேறினார். நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள், நானே மகிழ்ந்தேன். நான்கு மாதங்களில் முகம் நிலா மாதிரி உப்பியது, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது, அதுவரை இல்லாத சர்க்கரை வந்தது. என் மருத்துவர் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருப்பார்கள் என்றார். அதை ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மாதக்கணக்கில் விடுவித்தார்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். அந்த மருந்து பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டது. கைகண்டது. ‘கைகண்ட’ என்றால் அனுபவத்தில் பலன் தெரிந்தது என்று பொருள். மூன்றாம் நாள் படியேறியதை நாங்கள் எல்லோரும் கண்டோம். நான்காம் மாதத்தைக் காணும் கை எது என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

இதேபோல ‘இறங்கிவிட்டது’ என்றொரு சொல் இருக்கிறது. ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து பாம்புக்கடியோடு வருகிறவர்களில் சிலர் முதலில் பச்சிலைக்கோ மந்திரிப்பதற்கோ போய்விட்டு வருகிறார்கள். “விஷம் இறங்கிடுச்சுன்னு சொன்னாரு” என்பார்கள். கடித்தது நஞ்சில்லாத பாம்பாக இருந்தாலோ, நஞ்சுள்ள பாம்பே நஞ்சைச் செலுத்தாமல் கடித்திருந்தாலோ இறங்குவதற்கு எதுவுமே இல்லை. பெயர் மட்டும் பச்சிலைக்குப் போய்ச் சேரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான ஊசி மருந்து அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. இறக்கப் போன நேரத்தை அந்த ஊசியால் திருப்பித் தர முடியாது. காமாலையும் இப்படித்தான். ஹெபடைட்டிஸ் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். ஆனால் பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்து வந்த காமாலைக்கு அந்தச் சில வாரங்கள்தாம் விலை.

மெய்யாகவே பெரிய மருந்து ஒன்று நம் மாவட்டத்துக்கு வந்தது. தொழுநோய்க்கு ஒரு காலத்தில் நீரடிமுத்து எண்ணெயைத்தான் ஊசியாகப் போட்டார்கள். பிறகு டாப்சோன் வந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் நோய் குணமாகிவிடுகிறது. தொழுநோய் மருத்துவமனை உள்ள கரிகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கேட்டுப் பாருங்கள், அதற்குச் சஞ்சீவி என்றோ அமிர்தம் என்றோ யாரும் பெயர் வைக்கவில்லை. ‘கூட்டு மருந்து’ என்பதுதான் பெயர். கேட்டால் பொரியலுக்குத் துணை போலத் தோன்றும்.

சித்தம்

நான் சித்த மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு செய்து தொழில் செய்கிறவன். சகோதரி எழுதிய கலப்பட டப்பா எங்கள் துறைக்கும் எதிரிதான். ஆனால் அந்த டப்பாவின் பாவத்தைச் சித்த மருத்துவத்தின் சொற்கள் மீது ஏற்றுவதை என்னால் ஏற்க இயலாது.

எங்கள் மரபு நோய்களை 4448 என்று எண்ணியது. மருந்து வடிவங்களை அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்தது. எல்லாவற்றுக்கும் ஒன்று என்று நம்பியவர்களுக்கு இத்தனை கணக்கு தேவைப்பட்டிருக்காது. மருந்துப் பொருள்களின் குணத்தைச் சொல்லும் பழைய குணபாடச் செய்யுள்களில் ஒரு மூலிகைக்குப் பத்து நோய்களை அடுக்கி ‘போம்’ என்று முடிப்பது வழக்கம் என்பது உண்மைதான். அது மனப்பாடத்துக்காக யாப்பில் அடைத்த குறிப்பு. படிக்கிறவன் ஏற்கெனவே நாடி பார்க்கத் தெரிந்த மாணவன். எந்த அனுபானத்தில், தேனிலா நெய்யிலா வெந்நீரிலா, எத்தனை நாள், என்ன பத்தியம் என்பதை ஆசான் வாயால் சொல்வார். அந்தப் ‘போம்’ என்பதை மட்டும் பிய்த்தெடுத்துத் துண்டறிக்கையில் ‘100 சதவீதம் குணமாகும்’ என்று போட்டதுதான் அண்மைக் கால வேலை. மருந்தைக் கொண்டுபோனவர்கள் பத்தியத்தை விட்டுவிட்டுப் போனார்கள்.

இரவுப்பணி

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் என் அம்மா கையில் இருந்தது செய்யுள் இல்லை, டப்பா. ஆசான் சொல்லாமல் விட்டதை அவர் எங்கே போய்க் கேட்பார்?

சித்தம்

அதற்கு என்னிடம் விடை இல்லை, அம்மா.

சத்துவாச்சாரி வக்கீல்

சொல்லாராய்ச்சிக்கு நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அச்சகத்துக்காரருக்கு அவசரமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் என்று ஒன்று உண்டு. ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்களைத் தடுப்பதற்காக இயற்றப்பட்டது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் நிலைகளும் உள்ளன. சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, வெண்புள்ளி, பக்கவாதம் ஆகியவை அவற்றில் அடக்கம். இவற்றைக் குணமாக்கும், தடுக்கும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாது. தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. முதல் முறை தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்; அடுத்த முறை ஓராண்டு வரை. 1959இல் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ‘வேறு எந்த நோயும்’ என்று வரையறையின்றிச் சேர்த்திருந்த பகுதியை நீக்கிவிட்டு, விளம்பரத் தடை செல்லும் என்றது.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: விளம்பரம் என்ற சொல்லுக்குள் துண்டறிக்கை, சுற்றுத்தாள், மேலுறை எல்லாம் அடங்கும். விளம்பர வெளியீட்டில் பங்கு கொள்வது என்பதில் அச்சிடுவதும் அடங்கும் என்று சட்டமே வரையறுக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் தம் இடத்தில், இந்த நோய்க்குச் சிகிச்சை அளிக்கப்படும் என்று பலகை வைக்கலாம். அதற்கு விலக்கு உண்டு. உங்கள் வாடிக்கையாளரின் 5,000 தாள்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது. ‘சர்வரோக நிவாரணி’ என்று போட்டாலும் ‘கைகண்ட மருந்து’ என்று போட்டாலும் சட்டத்தின் கண்ணுக்கு வேறுபாடில்லை. அது தலைப்பைப் பார்க்காது. கீழே அடுக்கிய நோய்ப் பெயர்களையும் ‘குணமாகும்’ என்ற வினையையும்தான் பார்க்கும்.

மண்டித்தெரு

வக்கீல் ஐயா சொல்வது எனக்கு இப்போது புரிகிறது. மொத்த வியாபாரிகள் அனுப்பும் உறைகளைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ‘தீரும்’ என்றிருந்தது ‘தீர உதவும்’ என்றாயிற்று. அதுவும் போய் ‘ஆரோக்கியத்துக்கு உறுதுணை’ என்றாகிவிட்டது. ஆனால் கொண்டுவந்து இறக்கும் பையன், “அண்ணே, சுகருக்கு இது சூப்பரா கேக்குது” என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் போகிறான்.

பழைய தமிழய்யா

சொல்லின் வரலாற்றில் இதுவரை நான் காணாத காரணம் இது. பெயர்ச்சொல்லைச் சிரிப்பு கொன்றது. வினைச்சொல்லை இப்போது சட்டம் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அச்சகத்தாரே, அந்தத் துண்டறிக்கை என்னவாயிற்று?

அச்சுக்கோப்பவன்

வக்கீல் ஐயாவின் பதிவைப் படித்த அன்றே அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டேன். மாலையில் வந்தார். சட்டத்தைச் சொன்னதும் அவர் சினங்கொள்ளவில்லை. மெய்ப்புத் தாளை மேசையில் விரித்து வைத்து, என் சிவப்புப் பேனாவை வாங்கி, முதலில் வலிப்பையும் பக்கவாதத்தையும் அடித்தார். பிறகு சர்க்கரை, பிறகு வெண்புள்ளி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மீதியிருந்த ஏழையும் அடித்தார். ‘குணமாகும்’ போயிற்று. ‘கைகண்ட மருந்து’ என்ற தலைப்பையும் கோடு போட்டு எடுத்தார். முருகன் படமும் கைப்பேசி எண்ணும் மட்டும் மிஞ்சின.

“இத்த மட்டும் அடிச்சுக் குடுங்க சார், மிச்சத்த நான் வாயால சொல்லிக்கிறேன்” என்றார்.

அதில் அடித்துக் கொடுக்கக்கூடாதது எதுவும் இல்லைதான். இருந்தாலும் இரவுப்பணி அம்மாவின் பதிவு நினைவில் இருந்தது. முன்பணம் 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் முழங்காலை ஒரு பார்வை பார்த்து, “உங்களுக்கும் வலி இருக்குதுபோல, நொண்டறீங்களே” என்றார்.